கையெழுத்தை விற்பவரிடமிருந்து தொடங்குங்கள்: மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம், சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். புது வீடு கட்டியவர் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே ஒரு தாள் போகிறது. வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தோம், இணைப்புக் கொடுக்கலாம் என்று உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தரும் நிறைவு அறிக்கை அது. தொழிலில் எல்லோரும் 'டெஸ்ட் ரிப்போர்ட்' என்போம். அந்தத் தாள் இன்று விலைக்குக் கிடைக்கிறது. வயர் இழுத்தவரிடம் எந்தச் சான்றும் இருக்காது. கையெழுத்துப் போட்டவர் அந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டார். முத்திரை குத்திய வெற்றுப் படிவங்கள் எலக்ட்ரிக்கல் கடை இழுப்பறையில் கிடப்பதும், வயர் காயிலோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டு போவதும் தொழிலில் உள்ளவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

உரிமம் இல்லாதவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நடவடிக்கை உரிமம் உள்ளவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம். காரணம் எளிது. உரிமமே இல்லாதவரிடம் வாரியம் பறிப்பதற்கு எதுவும் இல்லை. அவர் பெயர் உங்கள் பதிவேட்டில் கிடையாது. கையெழுத்துப் போட்டவரின் பெயர், எண், முகவரி, புதுப்பிக்கும் தேதி எல்லாம் உங்களிடமே உள்ளன. அவருடைய கையெழுத்து கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்கு மீட்டர் வராது. ஒரு கையெழுத்தை நம்பி உரிமம் இல்லாத பத்துப் பேர் பிழைக்க முடிகிறதென்றால், அந்தப் பத்துப் பேரையும் ஊர் ஊராகத் தேடுவதைவிட அந்த ஒரு கையெழுத்தை நிறுத்துவது சுலபம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகளில் 45ஆம் விதி, 2010இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29ஆம் விதி, அவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த ஒழுங்குமுறைகள் என எல்லாமே ஒன்றைத்தான் கேட்கின்றன: உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும், அனுமதி பெற்ற கம்பியாளர் கை வைக்க வேண்டும். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற, வயரிங்கின் திறனையோ தன்மையையோ மாற்றாத சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. இதை இங்கே சொல்லக் காரணம், தெருமுனை எலக்ட்ரீஷியன் ஃபேன் மாட்டப் போவதைக் குற்றமாக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. புது வயரிங், கூடுதல் சர்க்யூட், மெயின் போர்டு மாற்றம், எர்த்துக் குழி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

துணை போகிறவரைத் தண்டிப்பதும் நம் சட்டத்துக்குப் புதிதல்ல. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 150ஆம் பிரிவில் 2007ஆம் ஆண்டுத் திருத்தம் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. மின் திருட்டுக்கு உடந்தையாக இருந்து தண்டனை பெற்ற ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், தொழிலாளி ஆகியோரின் உரிமத்தையோ சான்றையோ, அவர் தரப்பைக் கேட்டபின், ரத்து செய்யலாம் என்கிறது அது. யூனிட் கணக்கில் வரும் நட்டத்துக்கு உடந்தையானவரைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதிய சட்டம், ஆள் சாகக்கூடிய வயரிங்குக்கு உடந்தையானவரைப் பற்றி அதே தெளிவோடு ஒரு வரி எழுதவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒப்பந்ததாரர் சட்டத்தின் 7114ஆம் பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது: உரிமம் இல்லாதவர் சட்டத்திலிருந்து நழுவத் துணை நிற்பதும், தன் உரிமத்தை அவர் பயன்படுத்த விடுவதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவை. அடுத்து வரும் 7114.1 பிரிவு, பொய் அனுபவச் சான்றில் கையெழுத்திடும் உரிமதாரரையும் சேர்த்துக்கொள்கிறது. இதே போன்ற சொற்களை உரிம நிபந்தனையில் எழுதிவைத்தால், "விதியில் எங்கே இருக்கிறது?" என்று யாரும் கேட்க முடியாது.

அந்தத் தாள் பொய்யானால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் தாள் தொடர்பான முறைகேடு என்று மட்டும் பார்த்தால் தண்டனையும் தாளோடு நின்றுவிடும்.

அறிக்கையில் எர்த் மதிப்புக்கான (எர்த்துக் குழி மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை; குறைவாக இருந்தால் நல்லது) கட்டத்தில் பெரும்பாலும் '2 ஓம்' என்றோ அதற்கும் கீழேயோ எழுதப்படுகிறது. வீட்டுக்குப் பதிப்பது வழக்கமாக ஒரே ஒரு ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். 40 மி.மீ. விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள குழாயை, 100 ஓம்-மீட்டர் மின்தடைத் தன்மையுள்ள சாதாரண மண்ணில் முழுதாக இறக்கினால், ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நெறிமுறையில் உள்ள சூத்திரப்படி கிடைப்பது சுமார் 35 ஓம். கரியும் உப்பும் போட்டால் குறையும், ஆனால் 2 ஓமுக்கு வராது. ஒற்றைக் குழாயில் 2 ஓம் வேண்டுமென்றால் மண்ணின் தன்மை 6 ஓம்-மீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும். உப்புநீர் ஊறிய களிமண்ணில்தான் அதைப் பார்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைப் பகுதியிலும் தஞ்சை வண்டலிலும், மே மாதத்திலும் நவம்பரிலும், ஒரே ஒப்பந்ததாரருக்கு எல்லா வீட்டிலும் 2 ஓம் வருகிறதென்றால் அவர் எர்த் டெஸ்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்று அர்த்தம். சிமென்ட் மூடிக்கு அடியில் இரண்டடிக் குழாயை மட்டும் நட்டு முடித்துவிடுவதும் நடக்கிறது. அதே மண்ணில் அந்தத் துண்டுக் குழாயின் மதிப்பு 100 ஓமைத் தாண்டிவிடும். மேலே பார்த்தால் இரண்டு குழிக்கும் வித்தியாசம் தெரியாது. கருவி வைத்தால் மட்டுமே தெரியும்.

இந்த எண் ஏன் முக்கியம்? எர்த் 35 ஓம் உள்ள வீட்டில் கிரைண்டர் பாடியில் ஃபேஸ் பட்டுவிட்டால், எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 35-ஆல் வகுத்த அளவு, அதாவது ஆறரை ஆம்பியர். மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்சுக்கு அது சாதாரண லோடு. எத்தனை மணி நேரம் ஆனாலும் விழாது. அத்தனை நேரமும் கிரைண்டர் பாடியில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும். அந்த வீட்டைக் காப்பாற்றக்கூடியது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி மட்டுமே. உண்மையான எர்த் மதிப்பு அறிக்கையில் இருந்திருந்தால், அதைப் படிக்கும் பொறியாளருக்கு "ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா?" என்று கேட்கத் தோன்றியிருக்கும். 2 ஓம் என்று எழுதிய கை அந்தக் கேள்வியே எழாமல் செய்துவிடுகிறது.

அந்த ஆர்.சி.சி.பி.க்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் வைக்கிறார்கள். இன்வெர்ட்டருக்கான ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டு, நியூட்ரலைப் பிரிக்காமல் பழைய பொது நியூட்ரலிலேயே விட்டுவிடுகிறார்கள். லைட் சர்க்யூட்டின் மின்னோட்டம் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாமல், அதன் வழியாகத் திரும்பி மட்டும் வருகிறது. போவதும் வருவதும் சமமில்லாததால் கருவி விழுகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. படித்தவர் இன்வெர்ட்டர் சர்க்யூட்டுக்குத் தனி நியூட்ரல் இழுத்துப் பிரிப்பார். தெரியாதவர் 'பீஸ் போச்சு' என்று சொல்லி, வெளியே போகும் முனைகளில் உள்ள ஃபேஸ், நியூட்ரல் வயர்களைக் கழற்றி, உள்ளே வரும் முனைகளிலேயே சேர்த்துவிடுவார். பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கும், படம் எடுத்தால் படத்திலும் இருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் லீவர்கூட விழும். ஆனால் வீட்டு விளக்கு அணையாது. கையெழுத்துப் போடுபவர் அந்த ஒரு பட்டனை அழுத்திவிட்டு விளக்கை நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

இன்னொன்று, எங்களை மிகவும் உறுத்துவது. எர்த் வயர் இழுக்கும் செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க, சாக்கெட்டின் எர்த் பின்னை அதே சாக்கெட்டின் நியூட்ரலோடு லூப் போட்டுவிடுவார்கள். டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பிரகாசமாக எரியும், வீட்டுக்காரர் திருப்தியாகிவிடுவார். பிறகு எப்போதோ மெயினில் நியூட்ரல் முனை தளர்ந்து கழன்றால், அந்த லூப் வழியாக ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் என எல்லா பாடியிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். மெயினை அணைத்து, பிளக்குகளை எல்லாம் உருவி, நியூட்ரல் லிங்கைக் கழற்றி, இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரின் ஒரு முனையை நியூட்ரல் பாரிலும் மறு முனையைச் சாக்கெட்டின் எர்த் பின்னிலும் வைக்க வேண்டும். ஒழுங்கான வயரிங்கில் மெகா ஓம் கணக்கில் காட்டும். லூப் இருந்தால் முள் பூஜ்யத்தில் படுத்துவிடும். ஐ.எஸ். 732 நெறிமுறை கேட்கும் இன்சுலேஷன் சோதனையின் ஒரு பகுதியே இது. 50-ஐ பாயின்ட்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மெகா ஓமாவது இருக்க வேண்டும், மொத்த வயரிங்குக்கு 1 மெகா ஓம் இருந்தாலே போதும் என்ற பழைய கணக்கு தொழில் படித்த எவருக்கும் மனப்பாடம். சோதனை கடினமானது அல்ல. ஆள் நேரில் போக வேண்டும், அவ்வளவுதான்.

பொய் அறிக்கையைப் பிடிப்பதற்குப் பெரிய பறக்கும் படை தேவையில்லை. அறிக்கைகளே காட்டிக்கொடுக்கும். முப்பது நாற்பது பாயின்ட் உள்ள வீட்டில் சர்க்யூட் சர்க்யூட்டாக இன்சுலேஷன், எர்த் தொடர்ச்சி, சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறதா என்ற சோதனை, எர்த் மதிப்பு, ஆர்.சி.சி.பி. ஆகிய எல்லாவற்றையும் பார்க்க இரண்டு பேருக்கு ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பயணத்தையும் சேர்த்தால் ஒரு மேற்பார்வையாளர் ஒரு நாளில் நான்கு வீட்டுக்கு மேல் பார்க்க முடியாது. ஒரே உரிம எண்ணில், ஒரே மேற்பார்வையாளர் பெயரில், ஒரே தேதியில், மூன்று மின் பகிர்மான வட்டங்களில் பதினைந்து அறிக்கை இருந்தால் விசாரணைக்கு அதுவே போதும். இன்று அந்தக் கணக்கை யாரும் பார்க்க முடியாததற்குக் காரணம், அறிக்கைகள் மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகக் கோப்புகளில் சிதறிக் கிடக்கின்றன. உரிமப் பதிவேடு வாரியத்திடம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒரு தொடர் எண் தேவை. வாரியத்தின் தளத்தில் ஒப்பந்ததாரர் உள்நுழைந்து, வீட்டின் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து எடுத்தால் மட்டுமே அறிக்கைக்கு எண் கிடைக்க வேண்டும். அந்த எண் இல்லாத தாளைப் பிரிவு அலுவலகம் ஏற்கக் கூடாது. கடை இழுப்பறையில் உள்ள வெற்றுப் படிவங்கள் அன்றே செல்லாக் காகிதமாகிவிடும்.

கருவிகளின் கதையும் இதேதான். உரிமம் வாங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மெக்கர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எல்லாம் சொந்தமாக இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒரே மெக்கர் பல பேருடைய விண்ணப்பத்துக்குக் கைமாறிப் போவதைத் தடுக்க, கருவியின் வரிசை எண்ணையும் அளவுத் திருத்தச் சான்றின் தேதியையும் பதிவேட்டில் ஏற்றினால் போதும். ஒரே வரிசை எண் இரண்டு உரிமங்களில் வந்தால் கணினியே சொல்லிவிடும். அறிக்கையிலும் எந்தக் கருவியால் அளந்தது என்று அந்த வரிசை எண்ணை எழுத வேண்டும். அளக்கும்போது கருவியின் முகப்பும் எர்த்துக் குழியும் ஒன்றாகத் தெரியும்படி, இடமும் நேரமும் பதிந்த படம் ஒன்றும் வேண்டும். நகர்ப்புற வீடுகளில் எர்த் டெஸ்டரின் மின்னோட்டக் கம்பியை 30 மீட்டர் தள்ளியும், நடுக்கம்பியை அதில் 62 சதவீதத் தூரத்தில், சுமார் 18.5 மீட்டரிலும் நட இடம் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் எந்த முறையில் அளந்தோம் என்று எழுத அறிக்கையில் ஒரு வரி இருக்கட்டும். இடமில்லாத சந்தில் மூன்று கம்பி முறையில் அளந்ததாக எழுதியிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

சான்றுகள் வாடகைக்குப் போவதை வாரியம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் உரிமத்துக்குத் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் பணியில் இருக்க வேண்டும். டிப்ளமோ முடித்துச் சான்று வாங்கியவர் அதை ஆண்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஓசூரிலோ வளைகுடாவிலோ வேறு வேலை பார்ப்பார். தாளில் அவர் மேற்பார்வையாளர். தளத்தில் யாரும் இல்லை. அவருக்குச் சம்பளம் வங்கி வழியாக மாதாமாதம் போகிறதா, வருங்கால வைப்பு நிதிப் பதிவில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று புதுப்பிக்கும்போது பார்த்தால் வெளிப்பட்டுவிடும். இங்கே வாடகைக்கு எடுத்தவர், கொடுத்தவர் இருவரும் பொறுப்பு. கொடுத்தவர் இளைஞர், விவரம் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிட வேண்டாம். தன் பெயரில் எந்தெந்த வீட்டுக்கு அறிக்கை போயிருக்கிறது என்று அவருடைய கைபேசிக்கே தகவல் போகட்டும். அப்படிப் போனால் பாதிப் பேர் தாங்களாகவே விலகிவிடுவார்கள் என்று நம்புகிறோம்.

தண்டனையைப் பற்றி. தவறாக அளந்தவரையும் அளக்காமலே எழுதியவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஈரச் சுவரில் இன்சுலேஷன் மதிப்பு ஒருநாள் ஒருவிதமாகவும் மறுவாரம் வேறாகவும் வரும். நேர்மையாக அளந்தவருக்கும் வேறுபாடு வரலாம். அவருக்கு விளக்கம் கேட்கும் கடிதம் போதும். தளத்துக்கே போகாமல் கையெழுத்திட்டது நிரூபணமானால் முதல் முறையே உரிமம் நிறுத்தப்பட வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு ஒரு பொருட்டல்ல. ஒரு மாதக் கையெழுத்துகளிலேயே அந்தச் சங்கடத்துக்கு ஈடு கிடைத்துவிடும். இரண்டாம் முறை ரத்து. ரத்தானவர் மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ அதே முகவரியில், அதே மேற்பார்வையாளரையும் அதே கருவி எண்களையும் காட்டி மறு உரிமம் கேட்டு வந்தால் பதிவேடு அதைத் தடுக்க வேண்டும். எல்லா நடவடிக்கைக்கும் முன்னால் எழுத்து மூலமான அறிவிப்பு, பதில் சொல்ல நாள், நேரில் விசாரணை ஆகிய மூன்றும் கட்டாயம். இவை இல்லாமல் போடும் உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்காது. தவறு செய்தவர் வெற்றி வீரராகத் திரும்பி வருவார். சட்டப்படி தர வேண்டிய சான்றில் பொய் என்று தெரிந்தே கையெழுத்திடுவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 197ஆம் பிரிவில் குற்றம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை விட்டுவிடவில்லை. உயிரிழப்பு நேர்ந்த இடத்தில் வாரியம் ரத்தோடு நிற்காமல் காவல் துறைக்கும் எழுத வேண்டும். மின் விபத்து விசாரணைக்குப் போகும் ஆய்வாளர், விபத்துக்கான காரணத்தோடு அந்த வீட்டின் நிறைவு அறிக்கையில் கையெழுத்திட்டவர் யார் என்பதையும் தன் அறிக்கையில் பதிந்து வாரியத்துக்கு ஒரு பிரதி அனுப்பட்டும்.

நிறுத்தப்பட்ட உரிமத்தில் ஏற்கெனவே இணைப்பு வாங்கிய வீடுகளை மறக்க வேண்டாம். அந்த வீட்டுக்காரர்கள் ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களுடைய இணைப்பைத் துண்டிக்காமல், வேறோர் உரிமதாரரை வைத்து மறுசோதனை செய்து, அந்தச் செலவைக் குற்றம் செய்தவரிடம் வசூலிக்க வழி காண வேண்டும்.

உரிமம் இல்லாமல் வேலை செய்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்களில் கைத்தொழிலில் எங்களுக்கு நிகரானவர்கள் பலர். 21 வயது நிறைந்து, வயரிங்கில் 5 ஆண்டு அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அதை நடத்துகிறது. ஆனால் பதினைந்து ஆண்டு வேலை செய்தவருக்கு அந்த 5 ஆண்டு அனுபவத்தை எழுத்தில் தர ஆள் இல்லை. கையெழுத்தை விற்கும் அதே ஒப்பந்ததாரர், இவர் சான்று வாங்கிவிட்டால் தன்னிடம் வரமாட்டார் என்பதால் அனுபவச் சான்று கொடுப்பதைத் தள்ளிக்கொண்டே போவார். இன்னொரு பக்கம், ஒருநாள்கூட வயர் தொடாதவருக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதே சான்றைத் தருவார். ஒப்பந்ததாரர் தன்னிடம் வேலை செய்பவரைச் சேர்ந்த நாளிலேயே வாரியத் தளத்தில் பெயர் பதிய வேண்டும் என்று வைத்தால், அனுபவ நாட்கள் தாமாகவே சேரும்; சான்றுக்காக யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. தாமாக முன்வந்து, தனக்குக் கையெழுத்து விற்றவரின் பெயரை எழுத்தில் தரும் எலக்ட்ரீஷியனுக்கு எதிராக நடவடிக்கை இல்லை என்றும் அறிவியுங்கள். சாட்சி இல்லாமல் இந்த வழக்குகள் நிற்காது. அவரைவிட நல்ல சாட்சி வேறு யாரும் இல்லை.

தொடர் எண்ணுக்கும் தளத்துக்கும் காலம் பிடிக்கும் என்றால், இந்த மாதமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போதைய படிவத்தில் ஒப்பந்ததாரரின் கையெழுத்துக்கு மேலே இரண்டு வரிகளைச் சேர்த்துவிடுங்கள். வயர் இழுத்த கம்பியாளரின் பெயர், சான்று எண், கையெழுத்து ஒரு வரியில். நேரில் அளந்த மேற்பார்வையாளரின் பெயர், சான்று எண், அளந்த தேதி, நேரம், கையெழுத்து இன்னொரு வரியில். விதி மூன்று பேரைக் கேட்கிறது. தாளிலும் மூன்று பேர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உரிமமும் தகுதிச் சான்றும் பெற்று இத்தொழிலில் இருக்கும் ஒப்பந்ததாரர்கள், மேற்பார்வையாளர்கள், கம்பியாளர்கள் சிலர்